அத்தை கணக்கில் சேர்க்காத பயணி

உலகத்தில் இதுவரை கட்டிய பாலங்கள், இனிமேல் கட்டப்போகிற பாலங்கள், கட்டாமலே திறப்புவிழா நடந்துவிட்ட பாலங்கள் எல்லாமே என் அத்தையின் பென்சில் முனையில்தான் நிற்கின்றன. எங்கள் ஆற்றைப் படைப்பதற்கு முன்னால் கடவுள் அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், செலவு அதிகம், பயன் குறைவு, ஓடையே போதும் என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்பாள். இமயமலை பிழைத்ததற்கு ஒரே காரணம், அத்தை அப்போது பிறக்கவில்லை.

இதில் கொஞ்சம் தண்ணீர் கலந்திருக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, திட்ட மதிப்பீட்டு அலுவலகத்தில் உதவியாளர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் அந்த அலுவலகம். மின்விசிறி சுற்றும்போது தலையாட்டிக்கொண்டே சுற்றும். அங்கே ஒப்புக்கொண்டு தலையாட்டுவது அது ஒன்றுதான். அரசாங்கம் எங்காவது சாலை போட, பாலம் கட்ட, ஆஸ்பத்திரி திறக்க ஆசைப்பட்டால், அதனால் மக்களுக்கு வரும் நன்மையையெல்லாம் பணமாக மாற்றி, அதை ஆகும் செலவால் வகுக்க வேண்டும். விடை ஒன்றைத் தாண்டினால் திட்டம் தலைநகரத்துக்குப் போகும். தாண்டவில்லையென்றால் இரும்பு அலமாரிக்குப் போகும். அலமாரிக்குப் போனது திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அலுவலகத்தின் மேலதிகாரிக்கு தசமப்புள்ளி என்று பெயர். வைத்தது நான் இல்லை. அவர் பெண்டாட்டி என்று கேள்வி. "அரிசி எவ்வளவு போடணும்?" என்று கேட்டால்கூடப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் கேட்கிற மனிதர்.

இனி மாமா. அத்தையின் வீட்டுக்காரர். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கால்நடை மருந்தகத்தில் மருத்துவர். அந்த வேலைக்கு யாரை அனுப்பினாலும் ஒரே மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். மாமா மட்டும் போன இடத்தில் மாடுகளோடு ஒட்டிக்கொண்டார். ஆற்றைக் கடக்க ஒரு மோட்டார் படகு உண்டு. இருட்டினால் ஓடாது. வெள்ளம் வந்தால் ஓடாது. படகுக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் அன்றைக்கும் ஓடாது. மாடுகளோ படகு நேரம் பார்த்துக் கன்று போடுவதில்லை. ஆகவே மாமா வாரக் கடைசியில், எந்த மாட்டுக்கும் நாள் நெருங்காத வாரமாக இருந்தால், வீட்டுக்கு வருவார். அவர்களுக்குக் கல்யாணம் நடந்து வருஷங்கள் ஆகின்றன. குடித்தனம் மட்டும் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. அத்தை எங்கள் வீட்டு மாடி அறையில், மாமா மருந்தகத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில். பாலம் வந்தால் மாமா மோட்டார் சைக்கிளில் தினமும் வீட்டுக்கு வரலாம். எங்கள் வீட்டில் பாலம் என்றால் அதுதான் அர்த்தம்.

இப்படிப்பட்ட நேரத்தில் அந்தப் பாலத்தை மதிப்பிடும் வேலை அத்தையின் மேஜைக்கே வந்து சேர்ந்தது. யாராயிருந்தாலும் சாமி கும்பிட்டிருப்பார்கள். அத்தை நேராக தசமப்புள்ளியிடம் போய், என் வீட்டுக்காரர் அக்கரையில் வேலை பார்க்கிறார், இதை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். வேறு யார் இருக்கிறார்கள், இருக்கிற இன்னொருவருக்குப் பெருக்கல்தான் வரும், வகுத்தல் வராது என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. கண்டிப்பாக எண்ணுகிறவளிடம் சொந்தக் காரியம் மாட்டினால் என்ன ஆகும்? இரண்டு மடங்கு கண்டிப்பு ஆகும்.

முதல் வகுத்தலிலேயே பாலம் படுத்துவிட்டது. காரணத்தை அத்தை சாப்பாட்டு மேஜையில் விளக்கினாள். பாலம் வந்தால் ஒருவருக்கு ஒரு மணி நேரம் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தின் விலை என்ன? அந்த ஊரில் ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலியோ அது. அக்கரையில் கூலி குறைவு. ஆகவே அவர்களுடைய நேரமும் மலிவு. தலைநகரத்தில் ஒருவன் சிக்னலில் நின்று மூக்கைச் சொறிகிற நேரம், அக்கரையில் ஒருத்தி நாள் முழுக்கக் களையெடுக்கிற நேரத்தைவிட விலை அதிகம். அதனால்தான் தலைநகரத்து மேம்பாலங்கள் எல்லாம் முதல் வகுப்பில் பாஸாகின்றன. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். எங்கள் ஆற்றில் இரண்டு கரையும் ஒரே பச்சைதான், கூலிதான் வேறு.

அடுத்தது, பாலத்தை எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்ற கேள்வி. இப்போது எத்தனை பேர் படகில் போகிறார்களோ அதிலிருந்து கணிக்க வேண்டும். படகில் போகிறவர்கள் கொஞ்சம் பேர். ஏன் கொஞ்சம் பேர்? பாலம் இல்லை. ஏன் பாலம் இல்லை? கொஞ்சம் பேர்தான் போகிறார்கள். நான் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். எனக்கே இது வட்டம் என்று தெரிந்தது. அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏம்மா, நீந்திப் போறவங்களை எண்ணிப் பார்த்துட்டு பாலம் வேணுமா வேணாமான்னு முடிவு பண்றீங்களே, இது நியாயமா?"

"படிவத்துல நியாயத்துக்குக் கட்டம் போடலண்ணே. போட்டிருந்தா நிரப்பியிருப்பேன்" என்று அத்தை ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

இது போதாதென்று இன்னொரு விதி. நாளைக்கு வரும் நன்மையைவிட இன்றைக்கு வரும் நன்மைக்கு மதிப்பு அதிகமாம். அதனால் பாலத்தால் பத்து வருஷம் கழித்து வரப்போகிற நன்மையைத் தேய்த்துத் தேய்த்துப் பாதியாக்கிவிடுவார்கள். அத்தை இதைத் தொலைபேசியில் மாமாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கரையில் சிக்னல் கிடைக்க மாமா தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று கத்த வேண்டும் என்பதால், அவர்களுடைய அந்தரங்கம் ஊருக்கே பொது.

"அப்போ பத்து வருஷம் கழிச்சு நான் வீட்டுக்கு வந்தா பாதி ஆளாத்தான் வருவேனா?" என்றார் மாமா.

"இப்ப மட்டும் முழுசா வர்றீங்களாக்கும். ஒரு கண்ணு படகு மேல, ஒரு கண்ணு கைக்கடிகாரத்து மேல."

மாமா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. தொட்டி மேல் காற்று அடிக்கிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைத்தாள்.

அப்புறம்தான் தலைநகரத்திலிருந்து ஒரு புது உத்தரவு வந்தது. பணம் உள்ள ஊருக்கே பணம் போகிறது என்று அங்கே யாரோ பல வருஷம் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்துவிட்டார்களாம். எங்கள் தெருக்கோடி சைக்கிள் கடைக்காரர் இதை இலவசமாகவே சொல்லியிருப்பார். போகட்டும். இனிமேல் பின்தங்கிய பகுதிக்குக் கிடைக்கும் நன்மைக்குக் கூடுதல் எடை கொடுக்கலாம். அங்கே ஒரு ரூபாய் பயன் என்றால் அதை இரண்டு ரூபாய்போல் எண்ணலாம். ஒரே ஒரு நிபந்தனை. அந்தப் பகுதி உண்மையிலேயே குறைபட்ட பகுதி என்பது வீடு வீடாகக் கேட்டு நிரூபணமாக வேண்டும்.

அத்தை முகத்தில் வெளிச்சம் வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு அக்கரைக்குப் படகேறினாள்.

அக்கரைக்காரர்களிடம் ஒரு பழக்கம். வீட்டுக்கு வந்தவர்களிடம் தங்கள் கஷ்டத்தைச் சொல்ல மாட்டார்கள். வந்தவளோ மாட்டு டாக்டரின் சம்சாரம், வேண்டப்பட்ட பெண். அவள் முகம் வாடித் திரும்பிப் போகலாமா? உட்காரவைத்து, விசிறிவிட்டு, குடிக்கக் கொடுத்து, எந்தக் கேள்வி கேட்டாலும் ஒரே பதில்: ஒரு குறையும் இல்லை. மழைக்காலத்தில் படகு நின்றுபோனால் என்ன செய்வீர்கள்? நிற்கும், அப்புறம் ஓடும். உடம்புக்கு முடியாமல் போனால்? நமக்கெல்லாம் ஒன்றும் வராது. காலில் பெரிய கட்டுப் போட்டு நாற்காலி மேல் நீட்டியிருந்த ஒரு பெரியவர், ஆஸ்பத்திரிக்குப் போகச் சிரமமாக இல்லையா என்று கேட்டதற்கு, போனால்தானே சிரமம் என்றாராம்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்ததில், அக்கரை நாட்டிலேயே குறை குறைந்த பகுதி என்று வந்தது. இதே கேள்விகளைத் தலைநகரத்தில் வசதியான ஒரு குடியிருப்பில் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கூடுதல் தாள் வாங்கி எழுதியிருக்கிறார்கள். மின்தூக்கி மெதுவாக ஏறுகிறது, எதிர்வீட்டு நாய் குரைக்கிறது, பூங்காவில் நிழல் போதவில்லை.

அன்றைக்கு அத்தை வீட்டுக்கு வந்து செருப்பை உதறிய வேகத்தில் ஒன்று மாடிப்படி ஏறிவிட்டது. அப்பா, கொஞ்சம் நீயே கூட்டிப் போட்டு எழுதிவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றார். அம்மாவும், பாம்பும் சாகணும் தடியும் உடையக்கூடாது என்றால் வேறு என்ன வழி என்றாள். நானும் என் பங்குக்கு, நான் வேண்டுமானால் நிரப்பித் தருகிறேன், எனக்குக் குறைகளுக்குப் பஞ்சமில்லை என்றேன். அத்தை மூன்று பேரையும் ஒரே பார்வையில் எரித்துவிட்டு மாடிக்குப் போனாள்.

மறுபடி படகு. மறுபடி வீடு வீடாக. நான்காவது தெருவில் துணி அலசிக்கொண்டிருந்த ஒரு பெண், தனக்கு ஒரு குறையும் இல்லை என்று வழக்கம்போல் சொல்லிவிட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்து, குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டுக்காரியைத்தான் நினைத்தால் பாவமாக இருக்கிறது என்று ஆரம்பித்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இக்கரைக் கல்லூரியில் இடம் கிடைத்தும் படகை நம்பி அனுப்ப முடியாமல் நிறுத்திவிட்டார்கள். அவள் மாமியாருக்குக் கண்புரை. ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதும் வெள்ளம் வருவதுமாக மூன்று தடவை போய்விட்டது. அத்தையின் பென்சில் ஓடிய ஓட்டத்தில் முனை உடைந்ததாம். பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, அதோ துணி அலசுகிறாளே அவளுக்குத்தான் என்று தொடங்கி ஒரு பாட்டம்.

அப்புறம் அத்தை யாரையும் அவர்களைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் அடுத்த வீட்டைப் பற்றிக் கேட்டாள். ஊரே கொட்டியது. எழுதக் கை வலிக்கிறது என்று அத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷமாகச் சொன்னாள்.

தசமப்புள்ளி படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அடுத்தவர் சொன்னதெல்லாம் செவிவழிச் செய்தி, செல்லாது. சம்பந்தப்பட்டவர்களே உறுதிப்படுத்த வேண்டும் என்றார்.

அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி போனாள். ஒவ்வொரு வீட்டிலும், உங்களைப் பற்றி இப்படிச் சொல்கிறார்கள், சரிதானா என்று கேட்டாள். யார் சொன்னது என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்று அவர்களுக்குத் தெரியாதா? கைக்குழந்தையோடு ஒருத்தி வாசலுக்கு வந்து, சுவர் கேட்கும்படியே சொன்னாளாம்:

"பிரசவ வலியோட படகுத்துறையில ஒரு ராத்திரி கெடந்தேன்னு சொன்னாளா? ஒரு ராத்திரிதான்னா சொன்னா? அவளுக்கு என்ன தெரியும். ரெண்டு ராத்திரி. எழுதிக்கோங்க."

அவமானம் போய் ரோஷம் வந்ததும் உண்மை தானாக வந்துவிட்டது. தெருத்தெருவாக எல்லாம் உறுதியானது. எடை கிடைத்தது. ஆனால் அக்கரையில் பாதி வீடுகள் மீதிப் பாதி வீடுகளோடு பேச்சை நிறுத்திவிட்டன. மருந்தகத்துக்கு மாடுகூடத் தனித்தனியாகத்தான் ஓட்டி வந்தார்கள். மாமா தொட்டி மேல் ஏறிக் கத்தினார்:

"நீ வந்துட்டுப் போனதுல, இப்ப பக்கத்து வீட்டுக்குப் போகவே ஒரு பாலம் வேணும்."

மிச்சம் இருந்தது படகுத்துறையில் ஆட்களை எண்ணுவது. அதற்கு முந்தின நாள் வீட்டில் பெரிய சண்டை. எண்ணிக்கையில் மாமாவைச் சேர்க்கப் போவதில்லை என்று அத்தை சொல்லிவிட்டாள். சொந்த லாபத்துக்காகச் சேர்த்தாள் என்று நாளைக்கு ஒருவர் சொல்லக் கூடாதாம். அவன் என்ன ஆடா மாடா, அவனும் படகுக் கூலி கொடுத்துத்தானே வருகிறான் என்று அப்பா குதித்தார். அந்த ஆற்றில் பாலத்துக்காக ஏங்குகிற முதல் மனிதரே கணக்கில் இல்லை. இப்படி ஒரு நேர்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஊறுகாய்கூடப் போட முடியாது.

எண்ணுகிற நாளில் அத்தை துறையில் குடையை விரித்து உட்கார்ந்தாள். அன்றைக்குப் பார்த்து, யாரென்று முகம் தெரியாத சில பையன்கள் படகில் போவதும் வருவதுமாக இருந்தார்கள். போகும்போது தொப்பி, வரும்போது தலைப்பாகை. போகும்போது சட்டை, வரும்போது அதே சட்டை உள்பக்கம் வெளியே. ஒருவன் ஒட்டிய மீசை நடு ஆற்றில் காற்றில் போய்விட்டது என்று கேள்வி. அவர்கள் யார் பெற்ற பிள்ளைகளோ எனக்குத் தெரியாது. படகுக்காரர் தன் பிழைப்பில் இப்படி ஒரு நாளைப் பார்த்ததில்லை, முதுகுவலியே போய்விட்டது. எண்ணிக்கை ஏறிய ஏற்றத்தைக் கேட்டு தசமப்புள்ளியே வாழ்த்துச் சொன்னார்.

அத்தை சாயங்காலம் அவர் மேஜைக்குப் போய், இன்றைய எண்ணிக்கை செல்லாது, அடையாளம் தெரியாத நபர்கள் வேண்டுமென்றே ஏற்றிவிட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தாள். யாரும் கேட்கவில்லை, யாரும் புகார் கொடுக்கவில்லை. தானே போய்க் கொடுத்தாள். தசமப்புள்ளியே, இதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் என்னம்மா என்று கேட்டாராம். அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இப்படிக் கெட்டுப்போன எண்ணிக்கையை மறுபடி எடுப்பதற்கு விதி உண்டு. ஒரு வாரம் முழுக்க, எதிர்க்கரையில் தங்கி எடுக்க வேண்டும். பெருக்கல் மட்டும் தெரிந்தவர் வயிற்றுவலி என்று விடுப்பில் போய்விட்டார். அத்தை பையைத் தூக்கிக்கொண்டு போனாள். மருந்தகத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில், ஊசி மருந்து வாடைக்கு நடுவே, அத்தையும் மாமாவும் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு நாள் சேர்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. அத்தை பகலில் ஆட்களை எண்ணினாள், மாமா மாடுகளைப் பார்த்தார், இருட்டிய பிறகு யாரும் எந்தப் படகையும் பிடிக்க ஓட வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரம் எங்கள் வீடும் நிம்மதியாக இருந்தது. என்னை யாரும் முறைக்கவில்லை, கணக்குப் புத்தகத்தை எடு என்று சொல்லவில்லை. நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சைக்கிள் கடைக்குப் போய்வந்து, அத்தை இல்லை என்பதே தெரியாமல் இருந்தேன்.

அந்த வாரத்தில் வேறொன்றும் நடந்தது. ஊரறியத் தங்கள் குறையைச் சொல்லிவிட்ட பிறகு சும்மா உட்கார்ந்திருக்க வெட்கமாகிவிட்டதோ என்னவோ, தள்ளிப்போட்ட பல்வலி, தள்ளிப்போட்ட கண்புரை, பார்க்காமல் இருந்த சம்பந்தி என்று ஒவ்வொன்றாகப் படகேறின. பேச்சை நிறுத்திய பக்கத்து வீட்டுக்காரிகள் எதிரெதிர் பலகையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். அத்தை அத்தனை பேரையும் எண்ணினாள், மாமாவைத் தவிர. கூட்டினாள், எடையால் பெருக்கினாள், வகுத்தாள். விடை ஒன்றைத் தாண்டி ஒரு மயிரிழை நின்றது. தசமப்புள்ளி இன்னும் ஒரு இலக்கம் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டும் நின்றது. கையெழுத்துப் போட்டார்.

ஒரு வண்டி மட்டும் போகிற அகலத்துக்குப் பாலம் அனுமதியாகிவிட்டது. வரிசையில் இருக்கிறதாம். எங்களுக்கு முன்னால் தலைநகரத்தில் ஒரு மேம்பாலத்தின் மேல் இன்னொரு மேம்பாலம் கட்ட வேண்டியிருக்கிறதாம். அதனால் மாமா இன்னும் படகில்தான் வருகிறார். அத்தை வாரம் ஒரு தடவை தலைநகரத்துக்குப் போன் போட்டு, எங்கள் தூண் எங்கே என்று கேட்கிறாள்.

இதுவரை எழுதி முடித்த நேரத்தில் மாடியிலிருந்து அத்தை இறங்கி வந்து, என் தோளுக்கு மேலே நின்று படித்தாள். மூச்சுச் சத்தம் கேட்டுத்தான் எனக்கே தெரிந்தது.

"முகம் தெரியாத பசங்களா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"அதுல தலைப்பாகை கட்டினவன் ஏறும்போது என் கால்ல இடிச்சுட்டு, 'மன்னிச்சிருங்க அத்தை'ன்னான். இந்த ஆத்துல ரெண்டு கரையிலயும் சேர்த்து என்னை அத்தைன்னு கூப்பிட ஒருத்தன்தான்டா இருக்கான்."

நான் பேனா மூடியைத் தேடினேன்.

"அடையாளம் தெரியாத நபர்கள்னு எழுதிக் குடுத்தேன். சர்க்காருக்கு நான் எழுதின ஒரே பொய் அது." தாளை என் கையிலிருந்து பிடுங்கி, விரலை வைத்துக்கொண்டே கீழே வந்து, ஒரு வரியில் நிறுத்தினாள். "நான் இல்லாத வாரம் நிம்மதியா இருந்துச்சா உனக்கு?"

ரொம்ப என்றேன்.

"அப்ப தெனமும் சாயங்காலம் இக்கரைத் துறையில வந்து, கடைசிப் படகு போற வரைக்கும் கல்லு மேல உட்கார்ந்திருந்தது யாரு? நான் அங்க என்ன கண்ணை மூடிக்கிட்டா எண்ணிட்டிருந்தேன்?"

தாளை என் மடியில் போட்டுவிட்டு மாடியேறினாள். பாதிப் படியில் நின்று, கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வா என்றாள்.